தேர்வுக்குப் பத்து நாள், கையில் பதினைந்து மணி நேரம்

வேலை முடிந்து வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தால் மணி பத்து. மேசையில் வேதியியல் புத்தகம் கிடக்கிறது. பருவத் தொடக்கத்தில் வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று போட்ட அட்டவணை மூன்றாவது வாரத்திலேயே ஓவர்டைமில் கரைந்து போயிற்று. தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான். பாக்கி ஆறு அத்தியாயம்.

பகுதி நேரமாக டிப்ளோமாவோ பட்டமோ படிக்கும் பலருக்கு இது பழகிய காட்சி. தொழிற்சாலை ஆய்வுக்கூட உதவியாளர், மருத்துவமனைத் தாதி, குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர், பாலர் பள்ளி ஆசிரியை எனப் பலரும் பதவி உயர்வுக்கோ சம்பள உயர்வுக்கோ ஓர் அறிவியல் தாளைத் தாண்டியாக வேண்டியிருக்கிறது. கட்டணத்தைத் தம் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள். தோற்றால் அதே தாளுக்கு மறுபடியும் கட்ட வேண்டும். அவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, “முன்கூட்டியே படித்திருக்க வேண்டும்” என்பது. அது உண்மைதான். ஆனால் இன்றிரவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே, மிச்சமிருக்கும் நேரத்தில் மூளையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, முன்பு 48. அதைக் கழித்தால் 123. தினம் ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49 போகும், மிச்சம் 74. போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு பத்து. சமையல், சாப்பாடு, குளியல், துணி, பிள்ளைகள் என்று நாளுக்கு ஏழு மணி நேரம் வைத்தால் இன்னொரு 49. கையில் நிற்பது 15. அதிலும் ஓவர்டைம், திருமணம், காய்ச்சல், பழுதான கார் என்று ஏதாவது வந்து கைவைக்கும். பத்து நாளில் உருப்படியாகப் பதினைந்து மணி நேரம் கிடைத்தால் நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் எளிதாகக் கைவைக்கக்கூடிய இடம் எது என்று பார்த்தால், தூக்கத்துக்கு ஒதுக்கிய 49 மணி நேரம்தான் எல்லார் கண்ணிலும் படும். அதைத் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன், அந்தப் பதினைந்து மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பார்த்துவிடலாம்.

படித்தது போலத் தோன்றுவது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: குறிப்பேட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போடுவார்கள். முடிந்ததும் இன்னொரு முறை வாசிப்பார்கள். என் மாணவர்களின் புத்தகங்களில் கோடு போடாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். அந்த உணர்வுதான் சிக்கல். வரி பழக்கமாகத் தெரிவது ஒன்று, வரி இல்லாமல் விஷயத்தைச் சொல்ல முடிவது வேறொன்று. தேர்வு மண்டபத்தில் வேண்டியது இரண்டாவது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் இரண்டு சிறு கட்டுரைகள். ஒன்றை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றொன்றை ஒரு முறை வாசித்து, பிறகு தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை வாசித்ததே முன்னிலையில் இருந்தது: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். இரண்டு முறை வாசித்ததில் 42 விழுக்காடுதான் மிச்சம்; மூடிவைத்து எழுதிப் பார்த்ததில் 56.

இந்த எண்களில் கடைசி நேரப் படிப்புக்கு ஒரு நற்செய்தியும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது வேலை செய்கிறது. மண்டப வாசலில் நின்று சூத்திரத் தாளைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர் முட்டாள் இல்லை. ஆனால் இன்று திங்கள், தேர்வு அடுத்த வாரம் வியாழன் என்றால், இன்று வாசித்ததில் பாதிக்கு மேல் வழியிலேயே சிந்திவிடும்.

அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே கணிக்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்றார்கள். மூடிவைத்து எழுதியவர்கள் குறைவாகச் சொன்னார்கள். நடந்தது நேர் எதிர். ஆகவே படிக்கும்போது வரும் ‘நன்றாகப் போகிறது’ என்ற நிம்மதியை அவ்வளவாக நம்பாதீர்கள்.

ஆகவே இன்றிரவு புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெற்றுத் தாளை எடுங்கள். ‘மோல்’ என்று மேலே எழுதிவிட்டு, பத்து நிமிடம், தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். அரை பக்கம்கூட வராது. எரிச்சலாக இருக்கும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிற மையில் சேருங்கள். நாளைக்கு எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த நிறமே சொல்லிவிடும். தெரிந்த பகுதியை மறுபடி வாசித்து மனத்தைத் தேற்றிக்கொள்ளும் நேரம் மிச்சம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வகுப்பையே தவறவிட்டதால் ஓர் அத்தியாயம் அறவே புரியவில்லை என்றால் வெற்றுத் தாள் உதவாது. நினைவிலிருந்து எடுக்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அப்போது தீர்வுடன் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டுக் கணக்கு இரண்டை வரிவரியாகப் பின்தொடருங்கள். ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன் இது?’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது கணக்கைத் தீர்வை மூடிவிட்டுச் செய்யுங்கள். புதியவருக்கு நேரடியாகக் கணக்கில் குதிப்பதைவிட இந்த வழியே சுமை குறைந்தது. ஒரே சமயத்தில் நம் மனம் பிடித்து வைத்திருக்கக்கூடியது ஏறத்தாழ நான்கு விஷயங்கள்தான்; புதிதாகக் கற்பவருக்கு அந்த நான்கு இடமும் கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே நிரம்பிவிடும்.

யூடியூபில் ஒருவர் கணக்குப் போடுவதை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பது இதில் சேராது. அவர் கைதான் ஓடுகிறது, உங்கள் கை ஓடவில்லை.

ஒரே மாதிரி தெரியும் மூன்று கேள்விகள்

அறிவியல் தாள்களில், குறிப்பாக வேதியியலில், மனப்பாடம் பாதிக் கிணறு. மீதிப் பாதி, எந்தக் கேள்விக்கு எந்த வழி என்று அடையாளம் காண்பது. இந்த மூன்றையும் பாருங்கள்:

லிட்டருக்கு 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன? லிட்டருக்கு 0.1 மோல் அசெட்டிக் அமிலத்தின் பிஎச் என்ன? லிட்டருக்கு 0.1 மோல் அசெட்டிக் அமிலமும் அதே அளவு சோடியம் அசெட்டேட்டும் கலந்த கரைசலின் பிஎச் என்ன?

எல்லாவற்றிலும் 0.1 இருக்கிறது, எல்லாமே பிஎச் கேட்கின்றன. விடைகளோ 1, 2.9, 4.74. முதலாவது வலிய அமிலம். முழுவதும் அயனியாகிவிடுவதால் நேரடியாக மடக்கை எடுத்தால் போதும். இரண்டாவது மெலிந்த அமிலம். நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை மூலக்கூறுதான் அயனியாகும். அதனால் அதன் அமில மாறிலியான 1.8 × 10⁻⁵-ஐக் கொண்டு வர வேண்டும். மூன்றாவது தாங்கல் கரைசல், அதாவது பஃபர். அமிலமும் உப்பும் சம அளவில் இருப்பதால் அந்த மாறிலியின் எதிர் மடக்கையே விடை.

பாடப்புத்தகப் பயிற்சியில் இவை தனித்தனி அத்தியாயத்தின் கீழ் வரும். ‘மெலிந்த அமிலம்’ என்ற தலைப்பின் கீழ் பத்துக் கணக்கு போட்டால் பத்தும் சரியாக வரும், ஏனென்றால் எந்த வழி என்று தலைப்பே சொல்லிவிட்டது. தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது.

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவைக் கணக்கிட்டார்கள். ஒரு குழு வகை வகையாகப் பயிற்சி செய்தது; மற்றது எல்லா வகையையும் கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் வகை வகையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரி. கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். கலந்து செய்தவர்கள் 63. வகை வகையாகச் செய்தவர்கள் 20.

89-இலிருந்து 20. பயிற்சிப் புத்தகம் முழுக்கச் சரிக் குறி வாங்கிவிட்டுத் தேர்வில் தோற்றுப்போன மாணவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘சோம்பேறி’, ‘கவனம் இல்லை’ என்று நாம் அவர் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு அந்தப் பயிற்சி முறைக்கும் சேர வேண்டும்.

கலந்து செய்வதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பழைய ஆண்டுத் தாள்கள் ஏற்கெனவே கலந்துதான் இருக்கின்றன. நேரம் இல்லாதவர் முழுக் கணக்கையும் போட வேண்டும் என்றுகூட இல்லை. கேள்வியை வாசித்து, ‘இது எந்த வகை, முதல் வரி என்ன?’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு மணி நேரத்தில் முப்பது கேள்விகளைக் கடக்கலாம். அவற்றில் தடுமாறிய ஐந்தை மட்டும் முழுவதும் போட்டால் போதும்.

பத்து நாளை எப்படித் துண்டு போடுவது?

ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தாமே ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்து, தாமே தம்மைச் சோதித்து, 1885-இல் ஒரு நூலாக வெளியிட்டார். நினைவாற்றல் பற்றிய முதல் சோதனை நூல் என்றே அதைச் சொல்லலாம். ஆய்வாளர் ஒருவர், ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அவர் கண்ட ஒரு விவரம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே பெற்றுவிட்டார்.

ஆகவே சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஏழு மணி நேரம் படிப்பதைவிட, அதே ஏழு மணி நேரத்தை ஐந்து நாளில் பிரிப்பதில் விளைச்சல் அதிகம். வேலைக்குப் போகிறவருக்கு இது ஒருவகையில் சாதகம்கூட. ஏழு மணி நேரம் சேர்ந்தாற்போல் எப்படியும் கிடைக்காது. இன்று மோல், நாளை செறிவும் தரம்பார்த்தலும், நாளை மறுநாள் பிஎச் தொடங்கும் முன் பத்து நிமிடம் மோல் என்று ஒவ்வோர் இரவும் புதிதோடு பழையதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்ஆர்டியிலோ கொமுட்டர் ரயிலிலோ போகிறவர் என்றால் அந்த இருபது நிமிடம் வெற்றுத் தாள் வேலைக்குச் சரியான நேரம். தாள்கூட வேண்டாம், மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர் தயவுசெய்து வேண்டாம்.

ஆறு அத்தியாயமும் சமமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மோல் தெரியாமல் செறிவு வராது, செறிவு தெரியாமல் தரம்பார்த்தல் வராது, தரம்பார்த்தல் தெரியாமல் பிஎச் வளைகோடு புரியாது. மோலுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தால் அது மற்ற மூன்றிலும் திரும்பி வரும். அணு மாதிரிகளின் வரலாறு போன்ற பகுதிகள் தனியாக நிற்பவை. நேரம் இல்லை என்றால் அவற்றைக் கடைசி இரவுக்குத் தள்ளுங்கள். ஒரே இரவில் படித்து மறுநாள் எழுத அவை தாங்கும்.

விடுப்பு எடுக்கும் விதத்தையும் யோசியுங்கள். ஒரு முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 8 நாள் விடுப்புதான். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12. ஆகவே ஒவ்வொரு நாளும் விலை மதிப்புள்ளது. பலர் தேர்வுக்கு முதல் நாளை எடுக்கிறார்கள். உங்கள் மேலாளர் அரைநாள் விடுப்புக்கு ஒத்துக்கொள்வார் என்றால், ஒரே நாளாக எடுக்காமல் இரண்டு அரைநாள்களாக, ஒன்று ஒரு வாரத்துக்கு முன்பும் மற்றது தேர்வுக்கு முதல் நாள் மதியமும் எடுப்பதே மேல் என்பேன். காலை மூளைக்கு ஒருமுறை, ஓய்வுக்கு ஒருமுறை.

வயது குறித்து

“இந்த வயதில் மூளையில் ஏறவில்லை சார்” என்று சொல்லாத பகுதி நேர மாணவரை நான் கண்டதில்லை. பாதி உண்மை. புதிதாக ஒன்றைக் கிரகிக்கும் வேகம் இருபதுகளுக்குப் பிறகு மெல்லக் குறையத் தொடங்குகிறது. பதினெட்டு வயதுக்காரரோடு வேகத்தில் போட்டி போட வேண்டாம். ஆனால் நினைவு என்பது வேகம் மட்டும் இல்லை. புதியது எதனோடு போய் ஒட்டிக்கொள்கிறது என்பதும் நினைவுதான்.

1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்க வீரர்களுக்கு ஒரு பலகையை ஐந்து வினாடி காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் தேர்ந்த வீரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைச் சரியாக வைத்தார். காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது அந்த மேன்மை காணாமல் போயிற்று. அவர் நினைவாற்றல் பெரிதாக இல்லை. அவருக்கு அந்த ஆட்டம் தெரியும், அவ்வளவுதான்.

உங்களுக்கும் சில ஆட்டங்கள் தெரியும். நீங்கள் தாதியா? 0.9 விழுக்காடு உப்பு நீர்ப் பையைத் தினம் மாட்டுகிறீர்கள். லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு. ஒரு மோல் 58.5 கிராம், வகுத்தால் 0.154 மோல். பையின் மேல் அச்சிட்டிருக்கும் 154 மில்லிமோல் என்ற எண் அதுதான். சமையலறையில் வேலையா? ஐந்து விழுக்காட்டு வினிகரில் லிட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் அசெட்டிக் அமிலம். 60-ஆல் வகுத்தால் 0.83 மோல். குளிர்சாதனம் பழுதுபார்ப்பவருக்கு, திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கைவிரல் அறியும். உங்கள் பெற்றோர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் என்றால், பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றுவதையும் உறையாமல் காக்க அம்மோனியா ஊற்றுவதையும் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள எதிர்மின் படலத்தை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் நடுநிலையாக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது எஸ்.பி.எம். வேதியியல் பாடத்திலேயே உள்ளது.

ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் உங்கள் வேலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டையாவது தேடி எழுதி வையுங்கள். கிடைக்காத அத்தியாயமும் இருக்கும். கட்டாயப்படுத்த வேண்டாம்.

தமிழில் சொல்லிப் பார்ப்பதும் உதவும். பாடம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பது எளிது, புரியாமலேயே ஒப்பிக்கலாம். “பஃபர் என்றால் என்ன?” என்று வீட்டில் இருப்பவர் கேட்டு, அதைத் தமிழில் விளக்க நேர்ந்தால், புரியாத இடத்தில் நாக்கு தானாக நின்றுவிடும். எழுதும்போது தேர்வு மொழிக்கே திரும்புங்கள். ‘தெராங்கான்’ என்றால் விளக்கம் வேண்டும், ‘பண்டிங்கான்’ என்றால் இரண்டு பக்கமும் வேண்டும். ஏவல் சொல்லைக் கவனிக்காமல் போகும் மதிப்பெண் கொஞ்சமில்லை.

அந்த 49 மணி நேரம்

இப்போது தூக்கத்துக்கு வருவோம். பகலில் கற்றது முதலில் மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பைச் சார்ந்து நிற்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில், அன்று இயங்கிய நரம்பணுக்களின் வரிசையே மறுபடி மறுபடி ஓடுகிறது. எலிகளில் இதை நேரடியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நினைவு புறணிப் பகுதியில் படிந்து உறுதியாக அந்த ஓட்டம் உதவுகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது. ஆகவே இரவு முழுக்க விழித்துப் படிப்பவர் இரண்டு பக்கமும் இழக்கிறார்: படித்தது படியவில்லை, களைத்த ஹிப்போகேம்பஸ் புதியதை வாங்கவும் தயாராக இல்லை.

கோப்பி இதை ஈடு செய்யாது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்க உணர்வைத் தருகிறது. காஃபின் அந்த அடினோசினை அகற்றுவதில்லை. அது அமரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே. பெரியவர் உடலில் காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் குடித்த கோப்பி ஓவில் பாதி அதிகாலை மூன்று மணிக்கும் உங்கள் இரத்தத்தில் இருக்கும். நீங்கள் தூங்கியே போனாலும் அந்தத் தூக்கம் ஆழம் குறைந்ததாக இருக்கும். தே தாரிக்கும் விதிவிலக்கு இல்லை. மாலை ஆறு மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரவு ஷிஃப்ட் வேலை செய்பவர்களின் நிலை தனி. பகல் தூக்கம், உடலின் உள் கடிகாரத்துக்கு எதிராக நடப்பதால், இயல்பாகவே குறுகியது. அவர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படிக்க உட்காராமல், சன்னலைக் கனத்த துணியால் மறைத்து, கைத்தொலைபேசியில் புலனக் குழுக்களின் ஒலியை அடைத்துவிட்டு, முதலில் தூங்கி எழுந்து, மாலையில் படிப்பதே நல்லது. முடிந்தால் தேர்வுக்கு முன் மூன்று நான்கு நாள் பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொள்ளச் சக ஊழியரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒன்றும் இதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் செய்து 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வில், ஒரே ஆட்களை ஒருமுறை மது அருந்த வைத்தும் ஒருமுறை தூங்கவிடாமலும் கை–கண் ஒத்திசைவைச் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 0.10. மலேசியாவில் 2020-இல் திருத்திய சட்டப்படி வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம், அதாவது அதே 0.05.

காலை ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போய், இரவு முழுவதும் படித்து, மறுநாள் காலை எட்டு மணிக்குத் தேர்வு மண்டபத்துக்குத் தாமே ஓட்டிச் செல்கிறவர் 26 மணி நேரம் விழித்திருக்கிறார். குடித்திருந்தால் அவரை வீட்டில் யாரும் சாவியை எடுக்க விடமாட்டார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 25 மீட்டர். மூன்று வினாடி கண் சொக்கினால் 75 மீட்டர் தூரம் வண்டியை யாரும் ஓட்டவில்லை. மோட்டார் சைக்கிளில் அந்த மூன்று வினாடியும் கிடைக்காது.

எப்படியோ விழித்துவிட்டீர்கள் என்றால், அன்று காலை வேறு யாராவது ஓட்டட்டும். கணவரோ மனைவியோ அண்ணனோ இல்லையென்றால் வாடகைக் காரில் போங்கள். மறுதேர்வுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. நீண்ட தூரம் ஓட்டியே ஆக வேண்டியவர் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பி குடித்துவிட்டு, உடனே பதினைந்து நிமிடம் கண் மூடலாம். காஃபின் வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆவதால் இரண்டும் ஒன்றாகக் கைகொடுக்கும். அதுவும் ஓர் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கான மருந்து.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

முதல் நாள் இரவு புதிய அத்தியாயம் எதையும் திறக்காதீர்கள். தள்ளிவைத்த தனி நிற்கும் பகுதிகளை ஒருமுறை, தடுமாறிய கேள்விகளின் முதல் வரிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, பத்து மணிக்குப் படுங்கள். காலையில், முன்பு சொன்ன அந்த ஐந்து நிமிட விதி உங்கள் பக்கம். சூத்திரங்கள், மாறிலிகள், நிறமாற்றங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்து மண்டபத்துக்கு வெளியே பாருங்கள். உள்ளே, எழுதலாம் என்று அறிவித்ததும், அவற்றை விடைத்தாளில் அனுமதித்த இடத்தில் முதலில் இறக்கி வையுங்கள். மனத்தின் நான்கு இடங்களில் ஒன்று காலியாகும்.

தேர்வு முடிந்ததும் புத்தகத்தை அலமாரிக்குள் தள்ளிவிடத்தான் தோன்றும். இரண்டு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை, பழைய தாளிலிருந்து பத்துக் கேள்விகளை மட்டும் புத்தகம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். முக்கால் மணி நேர வேலை. கடைசி நேரத்தில் ஏற்றியது வேகமாக இறங்குகிறது, அடுத்த பருவத்தின் வேதியியலோ உயிர்வேதியியலோ அதன் மேல்தான் கட்டப்படுகிறது. இரத்தத்தின் பிஎச் ஏன் 7.4-ஐ ஒட்டியே நிற்கிறது என்று அங்கே கேட்பார்கள். விடை மறுபடியும் தாங்கல் கரைசல்தான். இந்த முறை அசெட்டிக் அமிலத்துக்குப் பதில் கார்போனிக் அமிலம்.